வெங்காயத்துக்கு அழாத கண்

சிந்தாமணி அழுது நான் பார்த்ததில்லை. அடுத்த வீட்டுக்காரன் நான். பார்த்திருந்தால் ஊருக்குச் சொல்லாமல் இருந்திருக்க மாட்டேன்.

செட்டிகுளம் சாலையில் சின்ன வெங்காயத்தைப் பொடியாக்கும் கம்பெனி வந்தபோது, உரிக்கப் போன நாற்பது பெண்களில் மற்ற எல்லாரும் மூக்கைச் சிந்திக்கொண்டே வீடு திரும்பினார்கள். இவள் மட்டும் கல்யாணத்துக்குப் போய் வந்தவள் மாதிரி வந்தாள். அந்தக் கண்ணுக்காகவே அவளைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள்.

கம்பெனி வளர்ந்தது. ஒரு வேன் மூன்றானது, பொடி கப்பலேறியது. எங்கள் ஊர்ப் பெண்கள் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட் தானாகக் காலியாகும், வாசம் அப்படி. சிந்தாமணி அதையும் கம்பெனிக்குக் கிடைத்த மரியாதை என்றே எடுத்துக்கொண்டாள். அவள் புருஷன் செல்லக்கண்ணு போட்ட மக்காச்சோளம் மழையை நம்பி நின்றது. வீடு அவள் சம்பளத்தை நம்பி நின்றது.

ஏழாம் வருஷம் ஒரு காலையில் கேட்டில் பூட்டு. வடக்கே பெரிய வெங்காயப் பொடி பாதி விலைக்குக் கிடைக்கிறதாம். திறக்கச் சொல்லி மனு கொடுப்பது என்று முடிவானது. எழுதியவன் நான்தான்.

"வெறும் மனுவ குடுத்தா வாங்கி வச்சிடுவாங்கக்கா. அழுதாத்தான் படிப்பாங்க" என்றாள் மஞ்சு, உரிக்கும் மேஜைக்காரி.

"எனக்கு அழுவ வராதேடி."

"அதுக்குத்தான் வெங்காயம் இருக்கே!"

திங்கட்கிழமை பெரம்பலூர் கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் அதிகாரி முன்னால், முந்தானையில் நசுக்கிய வெங்காயத்தோடு நாற்பது பேரும் நின்றார்கள். நான் மனுவைப் படித்தேன். எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை. ஏழு வருஷம் பழகிய கண்கள்! மேலே ஃபேன் சுழன்றது. முதலில் கிளார்க் கர்ச்சீப் எடுத்தார். அப்புறம் பியூன். கடைசியில் அதிகாரியே கண்ணாடியைக் கழற்றிவிட்டார். எனக்கும் எழுத்து தெரியவில்லை, மீதியை மனப்பாடமாகச் சொன்னேன்.

மறுநாள் பேப்பரில், 'தொழிலாளர் துயரம் கேட்டுக் கண்கலங்கிய அதிகாரி.' படத்தில் அவர் தேம்புகிறார், பின்னால் நாற்பது பெண்கள் கல்லு மாதிரி நிற்கிறார்கள். மனு கொடுத்தது யார் என்றே சந்தேகம் வரும்.

பாவம், அந்த மனுஷன் முதலாளியிடம் இரண்டு முறை பேசிப் பார்த்தார். மெஷினையே விற்றாகிவிட்டது என்று பதில் வந்தது. லாரியில் அது போவதை வரிசையாக நின்று பார்த்தோம். அன்றும் சிந்தாமணி அழவில்லை.

மூன்று மாதம் கழித்து செல்லக்கண்ணு ஓடி வந்தான். "அண்ணே, சீக்கிரம் வாங்க. இவ அழுவுறா!"

சமையல்கட்டில் சாம்பாருக்கு ஒரு பிடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் தண்ணீர்.

"வெங்காயந்தாண்ணே" என்றாள்.

எந்த வீட்டிலும் செல்லுபடியாகும் சாக்கு. அந்த வீட்டில் மட்டும் யார் நம்புவது?

"நெசமாத்தாண்ணே. மூணு மாசத்துல கண்ணு வேலைய மறந்துடுச்சு."

செல்லக்கண்ணு பக்கத்தில் உட்கார்ந்து மிச்சத்தை வாங்கி உரித்தான். நானும் இரண்டு எடுத்தேன். மூன்று பேரும் அழுதோம். ஏன் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.