கண்மாய்க் கரைக்கு ஒரு கையுறை

கண் தெரிகிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் இந்தப் பத்தி வரவில்லை என்றதும், என் வலது கண் போய்விட்டதாக ஊருக்குள் பேச்சு. நேற்றுகூட ஒரு வாசகர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் ஏமாந்த மாதிரி உட்கார்ந்தார். மன்னிக்க வேண்டும் ஐயா... இரண்டு கண்ணும் பத்திரம். பழம் நன்றாக இருந்தது.

எனக்குத் தூண்டில் பைத்தியம் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கார்த்திகையில் கண்மாய் நிறைந்துவிட்டால் சனிக்கிழமை காலையில் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. இந்த வருஷமோ அடைமழை, கூடவே வாடைக்காற்று. விருதுநகர்க்காரனுக்குக் குளிரா என்று சிரிக்காதீர்கள். மல்லாங்கிணற்றுக் கண்மாய்க் கரையில் இரண்டு மணி நேரம் நனைந்தபடி நின்று பாருங்கள். விரல் மரத்துப்போய், முள்ளில் புழுவைக் கோர்க்க வராது.

கையுறை தேட ஆரம்பித்தேன். முதலில் கம்பளி. கொடைக்கானல் போன மச்சினன் வாங்கி வந்தது. அரை மணி நேரத்தில் மழையை எல்லாம் குடித்துவிட்டு, வெறுங்கையே தேவலை என்று ஆக்கிவிட்டது. தூண்டில் முள் வேறு அதன் நூலில் மாட்டி, மீனுக்குப் பதிலாக என்னையே பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்தது ரப்பர். என் மனைவி எஸ்தர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளிடம் கெஞ்சி ஒரு ஜோடி வாங்கினேன். தண்ணீர் உள்ளே வரவில்லை, சரி. வியர்வை வெளியே போக வேண்டாமா? விரலெல்லாம் ஊறிச் சுருங்கிப்போயிற்று.

என் தூண்டில் கூட்டாளி தங்கராஜுக்கு மிளகாய் மூடைகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் மேஸ்திரி வேலை. என் புலம்பல் தாங்காமல் அந்தச் சனிக்கிழமை ஒரு ஜோடி கையுறையை எடுத்து நீட்டினார். தடித்த கித்தான் துணியில் தைத்தது.

"இதைப் போட்டுப் பாருங்க அண்ணாச்சி. மூடை பிடிக்கையில நாங்க போடுறது. எம்புட்டு வேலைக்கும் கிழியாது."

போட்டேன். மழையில் நன்றாக நனைந்தது. கால் மணி நேரம் போயிருக்கும்... உள்ளங்கையில் இதமாக ஒரு சூடு. நனைய நனையச் சூடு கூடுகிற கையுறையை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா?

"இத்தனை நாளா இதை ஏன் தங்கராஜு மறைச்சு வச்சிருந்தீக?" என்று கேட்டேன். அந்தச் சூட்டிலேயே ஒரு முழ நீளக் கெளுத்தியும் பிடித்தேன்.

மீனை முள்ளிலிருந்து கழற்றுவதற்காகக் கையுறையை உருவினேன். நெற்றியில் வழிந்த தண்ணீரை வலது கண்ணோடு சேர்த்துத் துடைத்தேன்.

அவ்வளவுதான். கண்ணில் தீ.

ஒரு சீசன் முழுக்க மிளகாய் மூடைக்குள் புகுந்து வந்த கையுறை அது. அதில் ஏறியிருந்த காரத்தையெல்லாம் மழை கரைத்து என் கையில் இறக்கியிருக்கிறது. நெடி வரவில்லையா என்கிறீர்களா? மிளகாய் நெடியிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு மூக்குகள் — அவற்றுக்கு அது நெடியாகவே படவில்லை.

பதறிப்போய்க் கண்மாய்த் தண்ணீரை அள்ளி அள்ளிக் கண்ணைக் கழுவினேன். எந்தக் கையால்? அதே கையால். இடது கண்ணிலும் தீப்பிடித்தது.

என் இடது கண் சின்ன வயதில் அம்மை வந்து மங்கிப்போனது. படிப்பது, எழுதுவது எல்லாம் வலது கண்ணை நம்பித்தான். அது போனால் இந்தப் பத்தி இல்லை, பிழைப்பும் இல்லை. பயந்து நடுங்கிவிட்டேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

தங்கராஜ் என்னைச் சைக்கிள் கேரியரில் தூக்கி வைத்தார்.

"கையை மூஞ்சிக்கிட்ட கொண்டுபோகாதீக. வானத்தைப் பார்த்து மழையை வாங்கிக்கிட்டே வாங்க அண்ணாச்சி."

ஏழெட்டு மைல். அண்ணாந்த முகத்தோடு, தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன். அன்று டியூட்டியில் இருந்தது எஸ்தரேதான். என் இமையை விரித்துப் பிடித்து, குடம் குடமாகத் தண்ணீர் விட்டாள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"காயம் ஒண்ணுமில்ல. பாதி வைத்தியத்தை மழையே பண்ணிருச்சு."

எஸ்தர் அதை நம்பவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினாள்.

"அடியில பொடி எழுத்து இருக்குல்ல, அதை வாசிங்க."

வலது கண் கரித்தது. ஆனாலும் ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் கண்ணீர் வந்தது. அது மிளகாயால் வந்ததல்ல.

ஆகவே வாசகர்களே, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தால், முன்னால் எங்கே வேலை பார்த்தார் என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோமா இல்லையா? கையுறைக்கும் அதே விசாரணை வேண்டும். இப்போது எஸ்தர் சொன்னபடி உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, அதற்கு மேல் ஒரு சைஸ் பெரிய ரப்பர். வியர்வையைப் பருத்தி குடித்துக்கொள்கிறது. மழை உள்ளே வருவதில்லை. இந்தச் சனிக்கிழமை போட்டுப் பார்த்தேன். விரல் சொன்ன பேச்சைக் கேட்கிறது.

அந்தக் கெளுத்தி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தங்கராஜ் அதை மறக்காமல் வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அன்று சாயங்காலம் தட்டில் விழுந்த குழம்பு வெளேரென்று இருந்தது.

"மிளகாய் போடலையா?" என்று கேட்டேன்.

"நீங்க தடவிக் கொண்டாந்தது பத்தாதாக்கும்?" என்றாள் எஸ்தர்.