பதினொரு லிங்க்

சென்னை வேலையை விட்டுவிட்டு என் தங்கை செஞ்சிக்குத் திரும்பியது கோட்டையை நம்பித்தான். பள்ளிப் பிள்ளைகளை ஒருநாள் அழைத்துவந்து, ராஜகிரி மலையில் ஏற்றி, வரலாறு சொல்லி, மதியம் சோறு போட்டு அனுப்பும் வேலை. அரையாண்டு விடுமுறைக்குள் ஒரு பள்ளியாவது சம்மதிக்காவிட்டால் பழைய வேலைக்கே போய்விடுவதாக, சென்னையில் இருக்கும் கணவரிடம் ஒப்புக்கொண்டிருந்தாள்.

முன்பின் தெரியாத நாற்பது பள்ளிகளுக்கு ஒரே காலையில் மெயில் அனுப்பினாள். பதில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் உற்சாகம் குறையவில்லை. மெயிலை யார் எப்போது திறந்தார்கள் என்று காட்டும் வசதி ஒன்றைச் சேர்த்திருந்தாள். இட்லி சாப்பிடும்போதும் கண் போனில்தான்.

"திண்டிவனம் ஸ்கூல்ல ஏழு தடவ தொறந்து பாத்துருக்காங்கண்ணா."

"ஏழு தடவ பாத்தவங்க ஒரு தடவ பதில் போடக்கூடாதா?"

"யோசிக்கிறாங்க போல."

ஒரு வாரம் யோசித்தார்கள். பிறகு அதே மெயிலை எனக்கு அனுப்பிப் பார்த்தாள். வரவில்லை. தேடினால் ஸ்பேமில் கிடந்தது. மேலே வெளிநாட்டு லாட்டரிப் பரிசு, கீழே முடி வளரும் எண்ணெய், நடுவே செஞ்சிக் கோட்டை.

நான் செய்தித்தாளில் பக்கம் திருத்தியவன். எண்ணிப் பார்ப்பது பழக்கம். மெயிலில் பதினொரு லிங்க் இருந்தன. ஒன்று கோட்டைக்கு வழி. மற்றவை சிங்கவரத்து மாமாவின் வேன், சித்தப்பாவின் மெஸ், அத்தை மகனின் வீடியோ சேனல், அவன் மனைவியின் தையல் கடை என்று போய்க்கொண்டிருந்தன.

"பள்ளிக்கூடத்துக்கு பிளவுஸ் எதுக்கு?"

"வேனப் போட்டா மெஸ்ஸப் போடணும். மெஸ்ஸப் போட்டா சேனலு. ஒருத்தர விட்டாலும் பத்திரிகையில பேரு விட்டுப்போன மாதிரிண்ணா. அடுத்த விசேஷத்துக்கு வரமாட்டாங்க."

உண்மைதான். எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் மணமக்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அன்று பகல் முழுக்க இணையத்தில் படித்தாள். தெரியாதவர் அனுப்பும் மெயிலில் லிங்க் மிகுந்தாலும், ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பினாலும் ஸ்பேம் வடிகட்டி சந்தேகப்படுமாம். யார் திறந்தார்கள் என்று வேவு பார்க்க அவள் சேர்த்த வசதி, கண்ணுக்குத் தெரியாத ஒரு படமாம்; அதுவும் அந்தச் சந்தேகத்தைக் கூட்டுமாம்.

"அப்ப அந்த ஏழு தடவ?" என்றேன்.

"மெஷினா இருக்கலாம்ணா. வைரஸ் இருக்குதான்னு அதுவே தொறந்து பாக்குமாம்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

அவள் வேவு பார்ப்பதை நிறுத்தினாள். நான் வெட்டினேன். லோகோ போனது, பதினொரு லிங்கும் போயின. மிஞ்சியது ஆறு வரி. யார், எங்கே, என்ன செய்கிறோம், போன் எண். கடைசியில், இந்த ஆண்டு பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகிறீர்களா என்ற கேள்வி. எனக்கு அனுப்பியபோது நேரே உள்ளே வந்தது. அதன்பின் அதே நாற்பது பள்ளிகளுக்கும், தினம் நான்கைந்துக்கு மட்டும் என்று அனுப்பினாள்.

விஷயம் சிங்கவரம் போய்விட்டது. மறுநாள் மாமா வாசலில் வேனை நிறுத்தி, இறங்காமல் ஹார்ன் அடித்தார்.

"இன்னாம்மா, என் வேனத் தூக்கிட்டியாமே?"

"லிங்கத்தான் தூக்கினேன் மாமா. வேன் இங்கதான் இருக்குது, நீங்கதான் உள்ள உக்காந்திருக்கீங்க."

"நக்கலு. சேனல்காரன் பேரு இருக்குதா?"

"அவனும் இல்ல. யாருமே இல்ல."

யாருமே இல்லை என்றதும் பாதிக் கோபம் போய்விட்டது. காபிக்கு இறங்கினார்.

இப்போது யார் திறந்தார்கள் என்று தெரிய வழியில்லை. தங்கை இட்லியைப் பார்த்துச் சாப்பிட்டாள். இரண்டாவது வாரம் அதே திண்டிவனம் பள்ளியிலிருந்து பதில் வந்தது. இருபது பிள்ளைகள் வருகிறார்கள். வேனுக்கும் அவளே ஏற்பாடு செய்ய முடியுமா?

முதல் போன் கணவருக்கு. "சரி, பெட்டியக் கட்ட வேணாம்" என்றார். அடுத்தது மாமாவுக்கு.

"என் பேரே இல்லாம எப்பிடிம்மா என் வண்டியக் கேட்டாங்க?"

"இல்லாததாலதான் மாமா மெயிலே போய்ச் சேந்துச்சு."

"அப்ப மெஸ்ஸுக்காரனையும் போட்டுடாத" என்றார் மாமா.