முந்திரி எண்ணெய் பூசிய படகு

போன வருஷம் எங்கள் படகு ஓடவில்லை, குட்டிக்கரணம் அடித்தது. பெரம்பலூர் பக்கம் இன்னொரு காலேஜில் வருஷா வருஷம் ரிமோட் படகுப் போட்டி வைப்பார்கள். அவர்களுடைய மழைநீர்க் குளத்தில் மூன்று சுற்று. முதல் திருப்பத்திலேயே எங்கள் படகு மூக்கைத் தூக்கி வானத்தைப் பார்த்தது, மல்லாக்க விழுந்தது, குமிழி விட்டுக்கொண்டே அடியில் போய்விட்டது. எவனோ ஒருத்தன் அதை வீடியோ எடுத்துப் போட, மறுநாளிலிருந்து எங்களுக்கு 'நீர்மூழ்கி டீம்' என்று பேர்.

டீம் என்றால் பெரிய கூட்டமெல்லாம் இல்லை. நானும் என் கிளாஸ்காரி ஒருத்தியும். நான் அரியலூர், அவள் ஆண்டிமடம். படகின் உடம்பு என் வேலை. மோட்டார், பேட்டரி, ரிமோட் எல்லாம் அவள் வேலை. ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன அறையை ஹெச்.ஓ.டி. எங்களுக்குக் கொடுத்திருந்தார். அந்த அறைதான் எங்கள் ராஜ்ஜியம். இந்த வருஷம் போட்டிக்கு முன்னால் அவர் எங்களைக் கூப்பிட்டு விட்டார்.

"உடஞ்ச சேர் போட எடமில்லாம வராண்டால கெடக்குது. நீங்க என்னடான்னா ஒரு ரூமப் பூட்டிகிட்டு பொம்ம செஞ்சிகிட்டிருக்கீங்க."

"பொம்ம இல்லீங்க சார், ரேஸ் போட்."

"ரேஸ் போட்டு, சரி. இந்தத் தடவ மூணு ரவுண்டும் முடிச்சி, தானா கரைக்கு வரணும். உள்ள சொட்டுத் தண்ணி இருக்கக்கூடாது. அப்படி வந்துச்சுன்னா ரூம் ஒங்களுக்கு. இல்லன்னா சாவிய டேபிள்ல வச்சிட்டுப் போயிடணும்."

"வச்சிக்குங்க சார் பந்தயம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வெளியே வந்ததும் அவள் என் முதுகில் ஒன்று வைத்தாள். "பந்தயம் கட்டறதுக்கு அவரு என்ன ஒன் மச்சானாடா?"

போட்டிக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆன்லைனில் ரெடிமேட் பிளாஸ்டிக் படகு வாங்கி, ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வருவார்கள். விதிப்படி அது தப்பில்லை. எனக்குத்தான் அது வேலையாகவே படவில்லை. போன வருஷப் படகுக்கு அடிப்பாகம் தட்டையாக வைத்தது என் தவறு. வேகம் ஏறினதும் காற்று அடியில் புகுந்து தூக்கிவிட்டது. இந்தத் தடவை அடியைக் கத்தி மாதிரி 'வி' வடிவத்தில் வரைந்தேன். லேப்டாப்பில் வரைந்து, பழைய பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, மெல்லிசான ப்ளைவுட்டில் ஒட்டி, விலா எலும்பு மாதிரி ஒவ்வொன்றாக அறுத்தேன். அதன் மேல் பலகைத் தோல். மூக்கு கூர்மை, பின்பக்கம் அகலம், என் கை நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. கட்டி முடித்துக் கையில் எடுத்தபோது முட்டை ஓடு மாதிரி இருந்தது. இரண்டு விரலில் தூக்கி அவளிடம் காட்டினேன்.

"அழகாதான்டா இருக்கு. தண்ணில போட்டா ப்ளைவுட்டு ஊதிப் போயிடுமே?"

அங்கேதான் ஆரம்பித்தது. எபாக்சி என்று ஒரு பசை இருக்கிறது, அதைப் பூசினால் மரத்துக்குள் தண்ணீர் இறங்காது. அதை வாங்கத் திருச்சிக்குப் போகவேண்டும். அவள்தான் சொன்னாள், எதுக்குத் திருச்சி, எங்க ஊரில் இல்லாததா என்று. ஆண்டிமடம் பக்கம் எங்கு பார்த்தாலும் முந்திரி. பருப்பை எடுத்த பிறகு அந்த ஓட்டிலிருந்து கறுப்பாக ஒரு எண்ணெய் எடுப்பார்கள்.

"கடலுக்குப் போற படகுக்கே இதத்தான்டா பூசறாங்க. எங்கூருலேந்து டின்னு டின்னா போவுது."

கடல் படகுக்கே தாங்கும் என்றால் குளத்துப் படகுக்குத் தாங்காதா? இரண்டு என்ஜினியர்களும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. அடுத்த நாள் பஸ்ஸில் ஒரு தூக்குவாளியில் கொண்டுவந்துவிட்டாள். கூடவே அவளுக்கு மட்டும் ஒரு ஜோடி கிளவுஸ்.

"ஒனக்கு வேணாமா? எங்க வூட்ல கையில சாம்பலத் தடவாம யாரும் கொட்டையத் தொடமாட்டாங்க."

"நான் என்ன ஆபரேஷனா பண்றேன்? பிரஷ்ஷ எடு."

மூன்று கோட்டிங் அடித்தேன். கறுப்பாகப் பளபளவென்று ஜம்மென்று இருந்தது. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்தேன். மறுநாள் என் விரல் இடுக்கெல்லாம் கொப்புளம். ரிமோட்டைப் பிடிக்கவேண்டிய கட்டைவிரல் இட்லி மாதிரி உப்பிவிட்டது. அவள் வீடியோ காலில் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் சக்ஸஸ், டாக்டருதான் அவுட்டு" என்றாள்.

கை போனால் போகிறது. படகு காயவில்லை. நாலு நாளாகியும் தொட்டால் பிசுக் பிசுக் என்று ஒட்டியது. அந்த எண்ணெயைப் பூசுகிறவர்கள் காய்ச்சித்தான் பூசுவார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. நாங்கள் பச்சையாக அப்படியே அடித்திருக்கிறோம். அதைவிடப் பெரிய கூத்து, எங்கள் வீடு இருக்கிற ரோடு. சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு லாரி போகிற ரோடு. மாடியில் வெள்ளை வேட்டி காயப்போட்டால் இன்னும் வெள்ளையாகும், அவ்வளவு தூசி. பிறந்ததிலிருந்து அந்தத் தூசியைத் தின்று வளர்ந்தவனுக்கு, பிசுபிசு படகை அங்கே வைக்கக்கூடாது என்று தோன்றவேயில்லை. கறுப்பாக வைத்த படகு திருநீறு பூசின மாதிரி வெள்ளையாக இருந்தது. தடவிப் பார்த்தேன். உப்புக் காகிதம் மாதிரி சொரசொரத்தது.

அப்பா டூட்டி முடிந்து மாடிக்கு வந்தார். அவரும் சுண்ணாம்புக்கல் லாரிதான் ஓட்டுகிறார்.

"என்னாடா இது, மாவுல பொரட்டி வச்சிருக்க? பஜ்ஜி போடப் போறியா?"

"தூசிப்பா. ரோட்டுத் தூசி. ஒட்டிகிச்சி."

குனிந்து பார்த்தார். "இதுல பாதி என் வண்டிதான்" என்றார், ஏதோ மெடல் வாங்கினவர் மாதிரி. எனக்கு வந்த கோபத்துக்குப் படகைத் தூக்கி அந்த ரோட்டிலேயே எறிந்திருப்பேன்.

போட்டிக்கு இருந்தது ஒரே வாரம். விஷயம் காலேஜில் பரவிவிட்டது. போன வருஷம் ஜெயித்த சீனியர் ஒருத்தன் அறை வாசலில் வந்து நின்றான். "மச்சான், எங்ககிட்ட பழைய பிளாஸ்டிக் பாடி ஒண்ணு சும்மா கெடக்குது. எடுத்துக்க. ஸ்டிக்கர மாத்திட்டு ஓட்டு. யாரு கேக்கப் போறா?" நல்ல மனசோடுதான் சொன்னான். அதனால்தான் இன்னும் எரிந்தது.

அவன் போனதும் அவள் சொன்னாள். "வாங்கிக்கலாம்டா."

"வேணாம்."

"லூசு மாதிரிப் பேசாத. ஒனக்கு ரூம் முக்கியமா, ரோஷம் முக்கியமா?"

"ரூம் எதுக்கு? செய்யறதுக்குதான? வாங்கியாந்து ஓட்டறதுக்கு ரூம் எதுக்கு? அத வச்சி ஜெயிச்சா சாவிய நானே போயி டேபிள்ல வச்சிட்டு வருவேன்."

முறைத்தாள். அப்புறம் பிசுக்கைச் சுரண்டுவதற்காகக் குப்பைத் தொட்டியிலிருந்து ஒரு உடைந்த டியூப்லைட் கண்ணாடியை எடுக்கப் போனாள். "அத எடுக்காத, கைய கிழிச்சிடும்" என்று கத்திவிட்டு, ஒர்க்‌ஷாப்பில் கிடந்த ஜன்னல் கண்ணாடித் துண்டுகளைக் கொண்டுவந்தேன். உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்தால் பிசுக்கு ஏறி அடைத்துக்கொள்கிறது. கண்ணாடி விளிம்பு வைத்துச் சுரண்டினால் சுருள் சுருளாக வருகிறது. இந்தத் தடவை நானும் கிளவுஸ் போட்டுக்கொண்டேன். அதைப் பார்த்து அவள் சிரித்தாள், அது போதாதா?

சுரண்டிக்கொண்டே வரும்போது ஒன்றைக் கவனித்தேன். பலகைமேல் பூசினது எல்லா இடத்திலும் கொழகொழவென்று இருக்கிறது. இரண்டு பலகை சேருகிற மூட்டில் மட்டும், எண்ணெயும் தூசியும் கெட்டியாகச் சேர்ந்து தேங்கின இடத்தில், நகம் இறங்கவில்லை. கண்ணாடியால் குத்தினேன், கண்ணாடிதான் உடைந்தது. எனக்குத் தலைக்குள் பல்பு எரிந்தது. ஒர்க்‌ஷாப் ஜன்னலைப் பார்த்தேன். கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்துவைக்கிற அந்த வெள்ளைப் புட்டி என்ன? சுண்ணாம்புக்கல் பொடியும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்ததுதானே! அரியலூர் தூசியும் ஆண்டிமடம் எண்ணெயும் சேர்ந்து, எங்களைக் கேட்காமலே, மூட்டுக்கு மூட்டு புட்டி வைத்திருக்கின்றன.

"மூட்டத் தொடாத. பலக மட்டும் சுரண்டு."

"ஏன்டா?"

சொன்னேன். அவள் நம்பவில்லை. "நெனப்புதான். எல்லாத்தையும் சுரண்டிட்டு எபாக்சி பூசிடலாம். நாளைக்கே நான் திருச்சி போயிட்டு வரேன்."

"பலகைக்கு எபாக்சி பூசு. மூட்டு இருக்கட்டும்."

"உள்ள தண்ணி வந்தா?"

"வந்தா என்ன செருப்பால அடி."

"அதுக்குத் தண்ணி வரணும்னு இல்ல."

கடைசியில் இப்படி முடிவானது. திருச்சியிலிருந்து எபாக்சி வந்தது, பலகைக்கு மட்டும் ஒரு கோட்டிங். காயவைத்தது அறைக்குள்ளே, ஜன்னலை மூடி, கதவிடுக்கில் சாக்கு வைத்து. மூட்டில் இருந்த புட்டியை வழவழப்பாகத் தேய்த்ததோடு சரி. சுரண்டினதில் பலகை மெலிந்து, படகு முன்பைவிட லேசாகிவிட்டது. அது லாபம்தான்.

ஓட்டிப் பார்க்க ஆண்டிமடத்தில் அவள் வீட்டு முந்திரிக்காட்டை ஒட்டி இருந்த பண்ணைக்குட்டைக்குப் போனோம். நடுவில் நின்றுவிட்டால் போய் எடுத்துவர ஒரு டிராக்டர் டியூபில் காற்று அடித்துவைத்திருந்தாள். முதல் ஓட்டத்தில் படகு ஒருபக்கமாகச் சாய்ந்து ஓடியது, ஒரு காலில் செருப்பு இல்லாதவன் மாதிரி. புரொப்பல்லர் ஒரு பக்கமாகச் சுற்றும்போது உடம்பை மறுபக்கம் திருகிவிடுகிறது. பேட்டரியை நடுவிலிருந்து விரல் அகலம் தள்ளி வைத்தோம். இன்னும் சாய்ந்தது. மறுபடி தள்ளினோம். டியூபில் ஏறி ஏறி எனக்கு இடுப்பு விட்டுப்போனது. சாயங்காலம் ஆகும்போது படகு மூக்கை லேசாகத் தூக்கிக்கொண்டு, தண்ணீரைக் கத்தரிக்கோலால் வெட்டுகிற மாதிரி நேராகப் போனது. அவள் ஒரு விசில் அடித்தாள் பாருங்கள், முந்திரிக்காட்டில் இருந்த மயிலெல்லாம் பறந்துவிட்டது.

போட்டி அன்று மூடியை டேப் போட்டு ஒட்டுவதற்கு முன்னால், உள்ளே அடியில் ஒரு டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்தாள். "நனஞ்சிருந்தா இதுல தெரிஞ்சிடும். ஒன் வாய் என்ன சொல்லுதுன்னு பாக்க மாட்டேன்."

குளத்தைச் சுற்றி ஒரே கூட்டம். எங்களைப் பார்த்ததும் ஒருத்தன், "நீர்மூழ்கி வந்துட்டான்டோய்!" என்றான். இன்னொருத்தன் மோந்து பார்த்து, "என்னடா முந்திரி வறுக்கற நாத்தம்?" என்றான். பதில் சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. அவள் என் கையில் ரிமோட்டைத் திணித்தாள்.

முதல் திருப்பத்தில் நான் மூச்சு விடவில்லை. படகு சாய்ந்தது, வளைந்தது, நிமிர்ந்துகொண்டது. அவ்வளவுதான், போன வருஷத்தைத் தாண்டியாகிவிட்டது. இரண்டாவது சுற்றில் மூன்றாவது இடத்தில் இருந்தோம். கடைசிச் சுற்றின் கடைசித் திருப்பத்தில், சீனியருடைய ஸ்டிக்கர் படகு உள்பக்கமாக வந்து எங்கள் படகின் விலாவில் இடித்தது. சரியாக மூட்டு மேலே. டொப்பென்று கேட்டது. படகு ஒரு சுற்றுச் சுற்றி, திசை தெரியாமல் நின்றுவிட்டது.

"போச்சு" என்றேன்.

"ஒண்ணும் போவல. மெதுவா குடு. ஆக்சிலேட்டர முறுக்காத, மெதுவா."

உரிந்துபோன கட்டைவிரலால் மெதுவாகக் கொடுத்தேன். அதற்குள் சீனியர் எங்களைத் தாண்டிப் போனான். போகட்டும். படகு மூக்கைத் திருப்பி, கோட்டைத் தாண்டி, அவள் கால்மாட்டில் வந்து முட்டியது. நான்காவது. பரிசு மூன்று பேருக்குத்தான்.

போன் அடித்தது. ஹெச்.ஓ.டி. "என்னாச்சு? முழுவிடுச்சா?"

"இல்லீங்க சார். மூணு ரவுண்டும் முடிச்சிடுச்சி. தானா கரைக்கு வந்துட்டுது."

"உள்ள?"

போனை ஸ்பீக்கரில் போட்டேன். அவள் டேப்பைக் கிழித்து மூடியைத் திறந்தாள். இடிபட்ட பக்கத்தில் பலகை லேசாக விரிசல் விட்டிருந்தது. அதை ஒட்டி மூட்டில் இருந்த வெள்ளைக் கோடு அப்படியே இருந்தது. உள்ளே கைவிட்டு டிஷ்யூவை எடுத்தாள். பிரித்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு அதிலேயே முகத்து வேர்வையைத் துடைத்து, மூக்கையும் சிந்திக்கொண்டாள்.

"காஞ்சிதான் சார் இருக்கு" என்றேன்.

"அப்ப சாவிய வச்சிக்க. ஆனா ஜன்னலத் தெறந்து வையிங்கடா, வராண்டா முழுக்க முந்திரி நாத்தம்."

"ஜன்னலத் தெறந்தா தூசி வரும் சார்" என்றாள் அவள், என் கையிலிருந்த போனைப் பிடுங்கி.