ரெண்டு வடக்கு உள்ள மோட்டார்

மோட்டாருக்குக் காயில் கட்டுறது பெரிய வித்தை இல்லை; கம்பியை எண்ணிச் சுத்தணும், சுத்தினது எந்தப் பக்கம் போகுதுன்னு மறக்கக் கூடாது, அம்புட்டுத்தான். அந்த ரெண்டாவதுலதான் எல்லாருக்கும் சறுக்கும். மிக்ஸி கருகி, ஃபேன் உறுமி, கிணத்து மோட்டார் புகைஞ்சு நீங்க பட்ட பாடு எனக்குத் தெரியும். கட்டிக் குடுக்குறவ பட்ட பாட்டையும் கொஞ்சம் கேளுங்க.

ராமநாதபுரத்துல எங்க கடை. வீட்டுக்காரர் கட்டுவார், நான் பக்கத்துல உக்காந்து காயிலுக்கு அடியில வைக்கிற பேப்பர் வெட்டுவேன், சுத்து எண்ணுவேன். இருபது வருசம் அப்படித்தான் ஓடுச்சு. திடீர்னு வாதம் வந்து அவருக்கு வலது கை விழுந்துபோச்சு. பேச்சுக்கு ஒண்ணும் ஆகலை, சாமி புண்ணியம். அவர் நாற்காலியில இருந்து சொல்றது, நான் கட்டுறதுன்னு முடிவாச்சு. ஊர் நம்பணுமே! கொஞ்ச நாள் பார்ப்போம், ஆள் வரலைன்னா கடையைச் சாத்திருவோம்னு பேசிக்கிட்டோம்.

எரியாத அடுப்பு

முதல்ல வந்தது கீழக்கரை லாத்தா ஒருத்தங்க; அங்க முஸ்லிம் வீட்டு அக்காமாரை அப்படித்தான் கூப்பிடுறது. மகன் துபாய்ல இருந்து கொண்டுவந்த இண்டக்‌ஷன் அடுப்பைத் துணியில சுத்தி, கைப்பிள்ளையைத் தூக்குற மாதிரி தூக்கிட்டு வந்தாங்க. "அடுப்பு மௌத்தாப் போச்சும்மா. ஒரு நாள்கூடச் சுடலை." திறந்து பார்த்தேன். உள்ள முறுக்குப் பிழிஞ்சு வச்ச மாதிரி கம்பிச் சுருள், ஒரு குறையும் இல்லாம இருக்கு. "மேல எதை வச்சீங்க லாத்தா?"ன்னு கேட்டேன். "மீன் ஆணம் வேற எதுல வைக்கிறது? மண்சட்டியிலதான்"னாங்க. ஆணம்னா அவங்க பேச்சுல குழம்பு.

அந்த அடுப்பு தானாச் சுடாது. அடியில இருக்கிற சுருள்ல கரண்டு இங்கிட்டும் அங்கிட்டுமா மாறி மாறி ஓடும். அந்த வேகத்துல மேல இருக்கிற இரும்புப் பாத்திரத்துக்குள்ளயும் ஒரு கரண்டு பிறந்து சுத்தும். அது சுத்துற சூட்டுலதான் சமையல். மண்ணுக்குள்ள அது எப்படிச் சுத்தும்? எங்க தோசைக்கல்லை ஏத்தித் தண்ணி தெளிச்சுக் காட்டினேன். சொய்ங்குன்னு ஆவி பறந்துச்சு. லாத்தா கல்லைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. "அப்ப அடுப்புக்கு உசுரு இருக்கு. இரும்புல வச்சா ஆணத்துக்குத்தான் உசுரு போயிரும்!"

பூவெடுத்த மிளகாய்

அடுத்த வாரம் கமுதிப் பக்கமிருந்து முனியாண்டி அண்ணன்னு மிளகாய் வெள்ளாமை பார்க்குற சம்சாரி ஒருத்தர் வந்தார். அஞ்சு ஹெச்பி கிணத்து மோட்டார், மூணு ஃபேஸும் கருகிக் கரியாக் கிடக்கு. கடைக்குள்ள எட்டிப் பார்த்துட்டு, "கட்டுறவுக இல்லையா?"ன்னார். "நான்தாண்ணே கட்டுறேன்"னேன். நாற்காலியில இருந்தவரைப் பார்த்தார், அவர் கையைப் பார்த்தார், வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டார்.

அரை மணி நேரத்துல அதே வண்டி திரும்பி வந்துச்சு. மத்த கடையில பத்து நாள் ஆகும்னுட்டாங்களாம். மிளகாய் பூவெடுத்து நிக்குது. நாலஞ்சு நாளைக்குள்ள தண்ணி காட்டலைன்னா பூவெல்லாம் உதிர்ந்துரும். மோட்டாரை இறக்கி வச்சுட்டு, அதுமேலயே கையை வச்சுக்கிட்டு நின்னார். "இதுல போச்சுன்னா இந்த வருசப் பொழப்பு அம்புட்டும் போச்சு. ஒன்கிட்ட எறக்கிட்டேன் தாயி. நம்பி எறக்குனியான்னு மட்டும் கேக்காத."

ஸ்டூலைத் திருப்பிப் போட்டவ

ரெண்டு நாள் முழுக்கக் கட்டினேன். வார்னிஷ் ஊத்துறதுக்கு முன்னால ஓட்டிப் பார்த்தா, மோட்டார் சுத்தலை. ங்ங்ங்னு உறுமுது, தொட்டா சுடுது. எங்க வீட்டுக்காரர், "நிறுத்து, நிறுத்து! ஏதோ ஒரு காயில் திரும்பிக் கிடக்கு"ன்னார். பக்கத்துப் பக்கத்துக் காயில்ல கரண்டு எதிரெதிராச் சுத்தணும்; ஒண்ணு இடமாப் போனா அடுத்தது வலமா. ஒண்ணு முரண்டு பிடிச்சாலும் மொத்த மோட்டாரும் நின்னுரும். எது அந்த ஒண்ணுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? "காம்பஸ் இருந்தா நிமிசத்துல சொல்லிருவேன். நம்மது உடைஞ்சு போச்சே"ன்னார்.

தங்கச்சிமடத்து அந்தோணித் தம்பி, கட்டக் குடுத்த மீன்படகு டைனமோவை வாங்க வந்து நின்னவர், "என் காம்பஸ் ஆகுமாண்ணே? கண்ணாடி மாத்தக் கொண்டாந்தேன்"னு பையில இருந்து எடுத்தார். அந்த நேரத்துல அவரை அனுப்பினது யாருன்னு இன்னும் எனக்கு யோசனைதான். பேட்டரியை ஒவ்வொரு ஃபேஸுக்கும் குடுத்து, காயில் காயிலாக் காம்பஸை நகர்த்தினோம். முள்ளோட சிவப்பு முனை, அதான் வடக்கு பார்க்குற முகம், ஒரு காயிலைப் பார்த்தா, அடுத்ததுக்கு வாலைக் காட்டணும். ரெண்டு ஃபேஸ்ல சரியாக் காட்டுச்சு. மூணாவதுல முகம், வால், வால், வால்! அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. முந்தின நாள் சாயங்கால வெயில் கண்ணுல குத்துதேன்னு ஸ்டூலைத் தூக்கி மோட்டாருக்கு அந்தப் பக்கம் போட்டு உக்காந்தேன். இடது வலதாப் போனதை மறந்து முனையைச் சேர்த்துட்டேன். கம்பியைப் பிரிக்க வேண்டியதில்லை. அந்தக் காயிலோட ரெண்டு முனையை மட்டும் மாத்திப் பத்தவச்சேன். மறுபடி பார்த்தா முகம், வால், முகம், வால். அந்தோணி தலையில கை வச்சுக்கிட்டார். "கடல்ல ஒரே ஒரு வடக்கை வச்சுக்கிட்டே கரை சேர்றது பெரும்பாடா இருக்கு, நீங்க ஒரு மோட்டாருக்குள்ள ரெண்டு வடக்கைக் கட்டி வச்சுருக்கீங்களேக்கா!"

தண்ணி காட்டின அன்னிக்கு

வார்னிஷ் காய்ஞ்சதும் நானே மோட்டாரோட கமுதிக்குப் போனேன். செடி வாடிக் கிடக்கு, பூ காம்புல ஒட்டிக்கிட்டு இருக்கு. சுவிட்சைப் போட்டா மோட்டார் நல்லாத்தான் ஓடுது. குழாய்ல மட்டும் தண்ணி, மூக்கு ஒழுகுற மாதிரி. முனியாண்டி அண்ணன் வரப்புல உக்காந்துட்டார். "அவ்வளவுதானா தாயி?"

காதை வச்சுக் கேட்டேன், தொட்டுப் பார்த்தேன். உறுமலும் இல்லை, சூடும் இல்லை. மோட்டாருக்குப் பின்னால இருக்கிற விசிறியைப் பார்த்தேன், எதிர்ப்பக்கமாச் சுத்துது. சிரிப்பு வந்துருச்சு எனக்கு. கரண்டை நிறுத்தி, மூணு வயர்ல ரெண்டை இடம் மாத்தி முறுக்கிவிட்டு, மறுபடி போட்டேன். குழாய் ரெண்டு தடவை இருமுச்சு. அடுத்த நிமிசம் தண்ணி வாய்க்கால் கொள்ளாம விழுந்துச்சு. அண்ணன் மம்பட்டியைத் தூக்கிட்டு மடை திறக்க ஓடினார். ஓடுறவர் பாதியில நின்னு திரும்பிக் கத்தினார். "எங்க ஊருல இன்னும் மூணு மோட்டார் கருகிக் கிடக்கு தாயி! நாளைக்கே ஏத்திட்டு வாரேன், கடையைச் சாத்திறாத!"

கடை இன்னும் சாத்தலை. ஊரார் மோட்டார் கருகினதுக்குச் சாமிக்கு நன்றி சொல்ல வாய் கூசுறதால, தினமும் கும்பிட்டுட்டு மட்டும் வந்துடுறேன், எதுக்குன்னு அதுவே புரிஞ்சுக்கிடட்டும்.