மவ்லுதா விரித்த வெறும் விரிப்பு

சங்கோபோத் மலையூரில் மவ்லுதாவைத் தெரியாத குழந்தை கிடையாது. பார்த்தாலே அழும். தராசுக் கொக்கியில் தூளி மாட்டி, குழந்தையை அதில் தொங்கவிட்டு எடை பார்ப்பவள் அவள்தான். சம்பளம் கிடையாது. புருஷன் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போன வருடம், கைக்குழந்தையைச் சத்துக் குறைவில் பறிகொடுத்தாள். அதன்பிறகு சுகாதார நிலையத்தில் போய் நின்று, கேட்டுக் கற்றுக்கொண்ட வேலை இது.

அந்த வசந்தத்தில் ஒரு சேதி வந்தது. பள்ளத்தாக்கில் மிக ஏழையான ஓர் ஊருக்கு மட்டும் நிதி. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் தினமும் சூடான சாப்பாடு. ஊரைப் பார்க்கத் தலைநகர் துஷான்பேயிலிருந்து ஸோஹிர் என்ற இளம் அதிகாரி வருகிறான். மவ்லுதாவுக்குத் தலைகால் புரியவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"கும்புட்டுக் கேக்குறேன், நாளைக்கு யாரும் விருந்து வைக்காதீங்க. இருக்குறத மட்டும் காட்டுங்க."

பக்கத்து வீட்டு குல்தஸ்தாவுக்கு வந்ததே கோபம்! "வந்தவன வெறும் வாயோட அனுப்பச் சொல்றியா? புத்தி பேதலிச்சுப் போச்சாடி உனக்கு? போ, போய்க் குழந்தைங்கள அழவிடு!"

மறுநாள் முதல் வீட்டில், தரையில் போட்ட சாப்பாட்டு விரிப்பு கொள்ளாமல் ரொட்டி, வெண்ணெய், வாதுமை, மிட்டாய், ஆட்டுக்கறி சூப். ஸோஹிர் ரசித்துச் சாப்பிட்டான். இரண்டாவது வீட்டிலும் அப்படியே. மூன்றாவது வீட்டில்தான் மவ்லுதா அந்த நீலக் கேத்தலைக் கவனித்தாள். மூக்கு உடைந்து தகரக் குழாய் மாட்டியது. முதல் வீட்டில் பார்த்ததும் இதே கேத்தல்தான். வெண்ணெயில் ஸோஹிர் வழித்த கத்தித் தடம்கூட அப்படியே இருந்தது.

அதிகாரி சந்து வழியாகச் சுற்றி வருவதற்குள் குல்தஸ்தா, அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு, தட்டும் கேத்தலுமாக, ஒட்டியிருக்கும் தட்டையான மண்கூரைகளின் மேலேயே ஓடியிருக்கிறாள். ஊர் மொத்தத்துக்கும் இருந்தது ஒரே ஒரு விருந்து. அதில் ஒரு விள்ளலைக்கூட ஒருத்தியும் வாயில் போடவில்லை. இப்படியும் மனிதர்கள் உண்டா என்று மவ்லுதாவுக்கு உடம்பு சிலிர்த்தது. நிதி கைவிட்டுப் போகிறதே என்று ஆத்திரமும் வந்தது.

"ரொம்ப சந்தோஷம்க்கா. உங்க ஊரு நல்லாத்தான் இருக்கு. கீழ இருக்குற ஊருக்குக் குடுத்தாத்தான் நியாயம்" என்று எழுந்தான் ஸோஹிர்.

கேத்தல் கதையைச் சொன்னால் ஊரே பொய் சொன்னதாக ஆகிவிடும். தன் வீட்டைக் காட்டினால் அவமானம் தன்னோடு போகும்.

"எங்க வீட்டுலயும் ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்றாள்.

வீட்டுக்குள் குல்தஸ்தா மூச்சிரைக்க விருந்தைப் பரப்பிக்கொண்டிருந்தாள். மவ்லுதா ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தாள். விரிப்பின் நடுவே காய்ந்த ரொட்டியும் உப்புப் போட்ட கறுப்பு டீயும் மட்டும் வைத்தாள்.

"எங்க வீட்டுல இதுதான் தம்பி. நேத்தும் இதுதான்."

வாசலில் கூடியிருந்த பெண்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள். மவ்லுதாவுக்குக் காது மடல் கொதித்தது. விருந்தாளியின் முன்னால் இப்படி ஒரு விரிப்பை அந்த மலையில் எவளும் விரித்ததில்லை. குல்தஸ்தா இப்போது கத்தப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"தள்ளி உக்காருடி" என்றாள் குல்தஸ்தா. தொப்பென்று உட்கார்ந்து, அந்த ரொட்டியில் ஒரு துண்டைப் பிட்டு, டீயில் நனைத்து வாயில் போட்டாள்.

"இவ வீட்டுல ரொட்டியாவது இருக்கு தம்பி. எங்க வீட்டுல மாவே இல்ல. மருமக புள்ளத்தாச்சி, சுவத்தப் புடிச்சுக்கிட்டு நடக்குறா. நீங்க சாப்பிட்டது ஊரே சேந்து வாங்குனது."

மானத்துக்காகக் கூரைமேல் ஓடிய பொம்பளை, அதே மானத்தைக் கழற்றி விரிப்பில் வைத்துவிட்டாளே! வாசலில் நின்றவர்களும் ஒவ்வொருத்தியாக உள்ளே வந்து, அந்த வெறும் விரிப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

ஸோஹிர் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"தினமும் சமைக்க அடுப்ப யாரு வீட்டுல போடலாம்?"

அவன் கேட்டு வாய் மூடவில்லை, அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "எங்க வீட்டுல!"