ஒரே எண்

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய இரும்புக் கடை. காலையிலிருந்து இது நாலாவது. முதல் மூன்றிலும் பழைய மடக்குக் கத்தி என்று காட்டியதெல்லாம் போலி. கால் கடுக்கிறது. ஸ்ரீரங்கம் பஸ் ஏறி, தங்குமிடத்தில் போய்ப் படுத்துவிடலாம் போலிருக்கிறது.

கடைக்கார அம்மாள் ஒரு கத்தியை நீட்டுகிறார். நிஜமான பழசில் துரு ஓரிடத்தில் அரித்து, ஓரிடத்தை விட்டிருக்கும். இதில் வெள்ளையடித்த மாதிரி ஒரே சீராக இருக்கிறது. மடிப்புக்குள்ளே இரும்பு பளபளக்கிறது.

“இது புதுசாச்சேம்மா.”

“ஆமாங்க. உப்பும் புளியும் கரைச்ச தண்ணியில ரெண்டு நாள் போட்டா இந்தக் கலர் வந்துடும். பழசுன்னு நான் சொன்னனா?”

கோபமே இல்லை. டிராயரிலிருந்து இன்னும் ஐந்தாறை எடுத்துப் போடுகிறார். ஒன்றைப் புரட்டுகிறேன். அலகில் 417 என்று எண். அடுத்ததிலும் 417.

“எல்லாத்துலயும் ஒரே நம்பரா?”

“அச்சு ஒண்ணுதானேங்க இருக்கு. மெட்ராஸ் வியாபாரிங்க டஜன் கணக்குல வாங்கிட்டுப் போறாங்க.”

பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிறது. சென்னையில் சான்றிதழோடு வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் பூட்டி, வீட்டில் யாரையும் தொடவிடாமல் வைத்திருக்கும் என் கத்தியின் எண்ணும் 417தான்.