தூரமோ?

தியாகண்ணை லிப்டில் வேலைக்கு வந்த முதல் நாள் அது எங்கள் மருத்துவமனையின் கீழ்மாடியை விட்டு அசையவே இல்லை. உள்ளே ஆறேழு பேர் நின்றார்கள். கதவு மூடியது. கொஞ்ச நேரத்தில் தானாகத் திறந்தது. அதே ஆட்கள் அதே இடத்தில் அதே முகத்தோடு நின்றார்கள். நான் மருந்து கொடுக்கும் பாமசிக் கவுண்டர் லிப்டுக்கு நேரெதிரே இருப்பதால் இந்தக் கூத்தை முழுதாகப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. மூன்றாம் தடவையும் கதவு திறந்தபோது என்னால் வாயை அடக்க முடியவில்லை. எனக்குப் பிறவியிலேயே பொறுமை குறைவு. ஆட்களிடம் கேட்டுவிட்டுப் பட்டனை அமத்தினால் என்ன என்று இங்கிருந்தே சத்தம் போட்டேன். தியாகண்ணை என்னைப் பார்த்துச் சிரித்தாரே தவிர, கேட்கவில்லை. கடைசியில் ஒரு அம்மா தனக்கு இரண்டாம் மாடி என்று தானாகச் சொன்ன பிறகுதான் லிப்ட் புறப்பட்டது.

மத்தியானம் தேநீர் குடிக்கும்போது காரணத்தை விசாரித்தேன். அவர் பிளாஸ்டிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"வெளிக்கிட்டுப் போற ஆளை எங்கை போறாய் எண்டு கேக்கிறேல்லை, பிள்ளை. வந்தவனைக் கேக்கலாம். எங்காலை வாறாய், என்ன மீன் பட்டது எண்டு எவ்வளவும் கேக்கலாம். போறவனைக் கேக்கக் கூடாது."

இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. எங்கள் வீட்டிலும் வெளிக்கிடும்போது யாராவது எங்கே என்று கேட்டால் அம்மா முறைப்பார். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார். ஆனால் நாங்கள் சந்தைக்கும் வங்கிக்கும் போகிறவர்கள். மறந்தாலும் பெரிய நட்டமில்லை. தியாகண்ணையைப்போல் கடலுக்குப் போகிறவர்களுக்கு அது அப்படியில்லை. அதற்காக லிப்டில் நின்றுகொண்டா என்று கேட்டேன். நாலாம் மாடியில் தியேட்டர் இருக்கிறதே, அங்கே ஒப்பரேஷனுக்குப் போகிறவன் கடலுக்குப் போகிறவனைவிடக் கிட்டவா போகிறான் என்று அவர் திருப்பிக் கேட்டார். என் தேநீர் ஆறிவிட்டது.

தியாகராசா என்பது முழுப்பெயர். பருத்தித்துறைக்காரர். மீசை முளைக்க முன்பே கடல்தொழிலுக்குப் போகத் தொடங்கியவர். சண்டைக் காலத்தில் ஒரு படகு போனது, சுனாமியில் இன்னொன்று போனது, மூன்றாவதில் தலை நரைக்கும்வரை ஓடினார். மனைவி மீனாம்பிகை காலமானபோதும், அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கையோடு கடலில்தான் போய் இருந்தார். அவரைக் கரையேற்றியது வலது கண். அது மெல்ல மெல்ல மங்கிப் பிறகு முழுதாகவே இருண்டுபோனது. வலப்பக்கத்தால் வருகிற அலையைக் காணாமல் படகு ஓட்ட முடியாது.

இனிக் கடல் வேண்டாம் என்று சொன்னது எங்கள் மருத்துவமனைக் கண் டொக்டர்தான். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகக் கீழே வந்தவர், லிப்ட் வாசலில் ஒரு வயதான அம்மா காலை உள்ளே வைக்கப் பயந்து நிற்பதைக் கண்டார். எங்கள் பக்கத்தில் பலருக்கு இந்தப் பெட்டிக்குள் ஏற இன்னமும் பயம். தியாகண்ணை தன் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார். வலது காலை உள்ளே வைத்து ஏறிக் கையை நீட்டினார். வாங்கோ அம்மா, ஆடாது என்றார். அம்மா ஏறிவிட்டார். அதை மனேஜர் பார்த்தீபன் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நாளில் தியாகண்ணைக்கு நீலச் சேர்ட்டும் நீளக் காற்சட்டையும் கிடைத்தன. ஆயுள் முழுக்கச் சாரம் கட்டிய மனிதர் அந்தக் காற்சட்டைக்குள் தன் கால்களைத் தேடித் தேடி நடந்த அழகை நான் மறக்கமாட்டேன். மூன்று மாதம் பார்ப்போம், பிறகு நிரந்தரமாக்கலாம் என்பது மனேஜரின் ஏற்பாடு.

அவர் வந்த பிறகு எங்கள் கீழ்மாடிக்கு ஏதோ ஆகிவிட்டது. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மேல்மாடி நடையில் வடக்குப் பார்த்த பெரிய யன்னல் ஒன்று உண்டு, அதற்கப்பால் கடல். முன்பெல்லாம் லிப்ட் கீழே வந்து கதவு திறந்தால் டெட்டோல்தான் மணக்கும். இப்போது ஒவ்வொரு தடவையும் உப்புக் காற்றுக் கொஞ்சம் இறங்கி வந்து என் மருந்துச் சீட்டுகளை மெதுவாகக் கிளப்பிப் பார்க்கும். நாலாம் மாடியில் அவர் ஒரு கணம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, நல்ல கண்ணால் கடலைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார் என்று பிறகு தெரிந்தது. மத்தியான வெக்கையில் எனக்குக் கண் செருகும். கதவு மூடும், திறக்கும், மூடும். ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்பார்கள். எல்லோரும் எங்கேயோ அக்கரைக்குப் போய்த் திரும்புகிறார்கள் என்று அரைத் தூக்கத்தில் நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் கரண்ட் போய் லிப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. நானும் உள்ளே இருந்தேன். ஒரே இருட்டு. யாரோ விம்மத் தொடங்கினார்கள். தியாகண்ணையின் குரல் மட்டும் அமைதியாக வந்தது. "காத்து விழுந்திட்டுது. இருங்கோ, எழும்பும்." அவ்வளவுதான். விம்மல் நின்றது. எல்லோரும் காற்றுக்குக் காத்திருந்தோம். எனக்கு அந்த இருட்டில் காலுக்குக் கீழே தண்ணீர் அசைவதாகக்கூட இருந்தது. பிறகு ஜெனரேட்டர் உறுமியது, வெளிச்சம் வந்தது, அவர் காலை அகட்டி வைத்து ஆடாமல் நின்றுகொண்டிருந்தார்.

கேட்கும் விஷயத்துக்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பழைய வழிதான். எங்கே என்று கேளாமல், ஏறுகிறவர்களைப் பார்த்துத் "தூரமோ?" என்பார். வயதானவர்களுக்கு உடனே விளங்கிவிடும். ஓம், கொஞ்சம் தூரம்தான், மூன்றாம் மாடி என்பார்கள். இளசுகள் கொஞ்சம் முழிப்பார்கள், பிறகு சொல்வார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, அந்த ஸ்கான் பெண் வரும்வரை.

அவளை ட்ரொலியில் கொண்டுவந்தார்கள். இரண்டாம் மாடியில் சும்மா ஒரு ஸ்கான். தள்ளி வந்த ஆள் போனில் கதைத்துக்கொண்டிருந்தான். தியாகண்ணை தூரமோ என்று கேட்டார். பயத்தில் வாய் உலர்ந்து கிடந்தவள் வெறுமனே தலையை ஆட்டினாள். தூரம் என்றால் நாலாம் மாடி என்று இவர் எண்ணிவிட்டார். கதவு திறந்ததும் பச்சை உடுப்பும் முகமூடியுமாக நாலு பேர் நிற்பதைக் கண்ட அவள், தன்னை வெட்டப்போகிறார்கள் என்று நினைத்து மயங்கிவிட்டாள். பிறகு தண்ணீர் தெளித்து எழுப்பினோம், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் புருஷன்காரன் போட்ட சத்தம் தெருவரை கேட்டது.

மனேஜரைக் குறை சொல்ல முடியாது. நல்ல மனிதர். தன் அறைக்குள் கூப்பிடாமல் என் கவுண்டரோரமாக நின்றே அவரிடம் மெதுவாகக் கதைத்தார். இனி ட்ரொலி ஏறினால், எங்கை போறியள் என்று தெளிவாகக் கேட்டு, பதிலைக் காதால் கேட்ட பிறகுதான் பட்டனைத் தொட வேண்டும். நாளைக்குத் தானே வந்து லிப்டில் நிற்பதாகவும், கேட்காவிட்டால் மன்னிக்க வேண்டும், வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டிவரும் என்றும் சொன்னார். தியாகண்ணை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கு இந்த வேலை போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஒரே மகள் தனுஷிகா. கொடிகாமத்தில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிள்ளைப் பேற்றுக்கு முறைப்படி தகப்பன் வீட்டுக்கு வந்திருந்தாள். தாய் இல்லாத குறைக்கு தியாகண்ணையின் தங்கை இராசமலர் கூட நின்றார். பிள்ளையோடு திரும்பும்போது அப்பாவையும் கையோடு கூட்டிப்போவது என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். பாசத்தில்தான் சொன்னாள். ஆனால் மகளின் மாமன் மாமி வீட்டு முற்றத்தில் சும்மா குந்தியிருந்து சாப்பிட அவரால் ஏலாது. வேலை இருக்கிறதே என்ற ஒரு சாட்டுத்தான் அவரிடம் இருந்தது. கொடிகாமத்தில் மாங்காயும் தேங்காயும் எவ்வளவும் இருக்கு, காத்திலை உப்பில்லையே என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை மனேஜர் லிப்ட் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் என் பங்குக்கு ஒரு களவு செய்தேன். கவுண்டரைக் கடந்து போகிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, உள்ளே ஏறியதும் நீங்களே மாடியைச் சொல்லிவிடுங்கள் என்று காதில் போட்டேன். ஆட்களும் ஏறினவுடன் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போல் உரத்துச் சொன்னார்கள். காலை முழுக்கத் தியாகண்ணை ஒருவரையும் கேட்கவேண்டி வரவில்லை.

மத்தியானத்துக்குச் சற்று முன்னர் ஒரு ட்ரொலி வந்தது. அதில் கிடந்தவள் தனுஷிகா.

காலையில் நோவு கண்டிருக்கிறது. இராசமலர் ஓட்டோவில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். பிள்ளையின் இதயத் துடிப்பு இறங்குகிறது, வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். தியேட்டருக்கான ஊசிமருந்துகளை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் ஓடி ஏறினேன். கதவு மூடியது. ட்ரொலியைப் பிடித்திருந்தவன் மனேஜரைக் கண்ட பயத்தில், கேட்டால் பதில் சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டு நின்றான். நாலாம் மாடி என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் பேசவில்லை. தனுஷிகா கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தபடி கிடந்தாள். தியாகண்ணையின் விரல் பட்டனுக்கு முன்னால் நின்றது. அவர் மனேஜரைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, நான் கேக்கமாட்டன். வேலையை எடுங்கோ."

நாலாம் மாடி என்று நானே கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் மனேஜர் பார்த்தீபன் கட்டிய கையை அவிழ்த்துவிட்டு ட்ரொலிக்கு மேலே குனிந்தார். கேட்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் உதடு அசைந்தது. எங்கை என்ற சொல்லின் பாதி வெளியே வந்தது. அவரும் ஒரு தாய் வயிற்றில் பிறந்து இந்த ஊரில் வளர்ந்தவர்தானே. மிச்சத்தை விழுங்கிக்கொண்டு வேறொன்றைக் கேட்டார்.

"தூரமோ, தங்கச்சி?"

தனுஷிகா கண்ணைத் திறந்தாள். மனேஜரைப் பார்க்கவில்லை, தகப்பனைப் பார்த்தாள்.

"இல்லை, கிட்டத்தான். நாலாம் மாடி. போயிட்டு வாறன், அப்பா."

அவர் பட்டனை அமத்தினார். லிப்ட் மேலே போனது. எனக்குக் கண்ணீர் வந்தது. மருந்துப் பெட்டியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

பிறகு நடந்ததில் முக்கியமானதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்றிலிருந்து ட்ரொலி தள்ளுகிறவர்கள் ஏறும்போதே மாடியை உரத்துச் சொல்ல வேண்டும் என்று மனேஜர் உத்தரவு போட்டார். தியாகண்ணையின் வேலை போகவில்லை. தனுஷிகாவும் அவரைக் கொடிகாமத்துக்கு வரச்சொல்லி அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஆனால் அன்று மத்தியானம் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தியேட்டருக்குள் அவரை விடமாட்டார்கள். வாசலில் இருங்கள் என்று மனேஜர் சொன்னதையும் கேட்காமல் லிப்டுக்கே திரும்பினார். மேலே போனார், கீழே வந்தார். ஒவ்வொரு தடவையும் நாலாம் மாடியில் கதவைப் பிடித்துக்கொண்டு தியேட்டர் வாசலைப் பார்ப்பார், பிறகு யன்னலுக்கு அப்பால் கடலைப் பார்ப்பார், இறங்குவார். நான் கவுண்டரைப் பூட்டிவிட்டு அவரோடு ஏறி நின்றேன். எத்தனை தரம் போய் வந்தோம் என்று தெரியாது. வெயில் உச்சியைத் தாண்டியது, யன்னலுக்கு அப்பால் கடல் பளபளத்தது.

அப்படி ஒரு தடவை கதவு திறந்தபோது, நேர்ஸ் லவீனா கையில் ஒரு வெள்ளைத் துணிப்பொட்டலத்தோடு நின்றாள். தாய் சுகம், பெண்பிள்ளை, இரண்டாம் மாடிக்குக் கொண்டுபோகிறேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். தியாகண்ணை பட்டனை அமத்த மறந்துபோனார். பொட்டலத்துக்கு மேலே குனிந்து, நல்ல கண்ணைப் பிள்ளையின் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். வந்த ஆளைக் கேட்கலாம் அல்லவா. லிப்டில் ஏறிய ஒருவரை அவர் முதன்முதலாக எங்கிருந்து என்று கேட்டார்.

"எங்காலை வாறாய், அம்மா? வலு தூரமோ?"

பிள்ளை வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விட்டது. பிறகு திரும்பவும் தூங்கிவிட்டது.